சிங்கப்பூரில் அறை எடுக்குமுன் சன்னலைப் பாருங்கள்



இந்த இதழில் இரத்தக் கொதிப்பைப் பற்றி எழுதுவதாகத்தான் இருந்தேன். பாதி எழுதியும் வைத்திருந்தேன். அதை இழுப்பறையில் போட்டுவிட்டு, சிங்கப்பூரில் அறை வாடகைக்கு எடுப்பதைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். "டிரசர் எப்போது வீட்டு புரோக்கர் ஆனார்?" என்று சிலர் சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் படியுங்கள்.

சில மாதங்களுக்கு முன் ஒரு காலை, மருந்து வாங்க வந்தவர்களெல்லாம் போன பிறகு, ஓர் அம்மா தம் மகனைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தார். பையனுக்கு 24 வயது. நம் தோட்டத்தில் பிறந்து, தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்து, பந்து விளையாட்டில் பேரெடுத்தவன். சிங்கப்பூரில் ஒரு பண்டகசாலையில் 2 வருஷமாக வேலை செய்கிறான். "ஐயா, சோறே திங்க மாட்டேங்கிறான். ராத்திரி சட்டையைப் பிழிஞ்சா தண்ணி ஊத்துது. கேட்டா ஏர்கோன் ஒத்துக்கல, ஒன்னுமில்லங்கிறான்" என்றார் அந்த அம்மா.

எத்தனை நாளாக இருமல் என்று கேட்டேன். "ஒரு வாரம்" என்றான். அம்மா தலையை ஆட்டினார். அவரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டுத் திரும்பவும் கேட்டேன். "ரெண்டு மாசத்துக்கு மேல இருக்குங்க ஐயா" என்றான். எடை போட்டேன். அவன் சிங்கப்பூர் போவதற்கு முன் எடுத்த எடை என் பழைய ஏட்டில் இருந்தது. 9 கிலோ குறைந்திருந்தான். கடிதம் எழுதி அரசாங்க சுகாதாரக் கிளினிக்குக்கு அனுப்பினேன். சளியில் காசநோய்க் கிருமி இருந்தது.

நம் பெரியவர்கள் எலும்புருக்கி என்று சொன்னார்களே, அதே டி.பி.தான். வேலைக்குச் சேரும்போது இவனுக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள். அப்போது சுத்தமாக இருந்திருக்கிறது. ஆகவே அவன் எங்கே வேலை செய்கிறான் என்பதைவிட எங்கே படுத்துத் தூங்குகிறான் என்பதைத்தான் நான் விசாரித்தேன்.

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அது ஒரு வீவக அடுக்குமாடி வீடு. சமையலறைக்குப் பக்கத்தில் சாமான் வைக்கும் அறை. சிங்கப்பூரில் புது வீடுகளில் குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்வதற்காகத் தடித்த சுவரும் இரும்புக் கதவும் வைத்துக் கட்டியிருப்பார்களே, அந்த அறை. சன்னல் கிடையாது. அதில் இரண்டு இரட்டைக் கட்டில். மெத்தை நாலு, ஆள் ஆறு. எப்படி என்றால், பகல் ஷிப்டுக்காரன் எழுந்து போனதும் இரவு ஷிப்டுக்காரன் அதே மெத்தையில் வந்து படுப்பான். வியர்வை காயாத மெத்தை. ஆளுக்கு மாதம் 350 சிங்கப்பூர் வெள்ளி, ரொக்கம். ரசீது கிடையாது. வாடகை வாங்குகிறவர் வீட்டுக்காரரும் இல்லையாம். அவரே அந்த வீட்டை வாடகைக்கு எடுத்து, கள்ளத்தனமாக ஆள் சேர்த்து நடத்துகிறவர்.

"இருமினவன் யாராவது இருந்தானா?" என்று கேட்டேன். ஈப்போ பையன் ஒருவன் ராத்திரியெல்லாம் இருமிக்கொண்டிருந்தான், பிறகு ஒரு நாள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்றான். அவன் பேர் என்ன? தெரியாது. "ஈப்போ"தான் பேர். மற்றவர்களும் அப்படித்தான்: ஒருத்தன் "சுங்கைப் பட்டாணி", ஒருத்தன் "பாய்". ஆறு மாதம் ஒரே காற்றைச் சுவாசித்தவர்களுக்கு ஒருவர் பேர் ஒருவருக்குத் தெரியவில்லை.

தோழர்களே, காசநோய் தட்டில் ஒட்டாது, துணியில் ஒட்டாது. கை குலுக்கினால் வராது. நுரையீரலில் நோய் உள்ளவர் இருமும்போதும் பேசும்போதும் பாட்டுப் பாடும்போதும் கூட, கண்ணுக்குத் தெரியாத துளிகளில் கிருமி வெளியே வருகிறது. சன்னல் திறந்திருந்து காற்று ஓடினால் அது கலைந்து போகும். வெயில் பட்டால் சாகும். மூடிய அறையில் அந்தத் துளிகள் மணிக்கணக்கில் மிதக்கும். ஏர்கோன் குளிரைக் கொடுக்கும், ஆனால் சாதாரண வீட்டு ஏர்கோன் வெளிக்காற்றைக் கொண்டு வருவதில்லை. அறைக்குள் இருக்கிற காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றிவிடுகிறது. பஸ்ஸில் அரை மணி பக்கத்தில் உட்கார்ந்ததால் காசநோய் ஒட்டுவது அபூர்வம். ஒரே அறையில் மாதக் கணக்கில் படுப்பதுதான் ஆபத்து. கிருமி உள்ளே போன எல்லாருக்கும் நோய் வந்துவிடுவதில்லை. பத்துப் பேரில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோதான் பிற்காலத்தில் எழும்பும். ஆனால் தூக்கமில்லாமல், சரியான சாப்பாடில்லாமல், இனிப்பு நீர் வியாதியும் சேர்ந்தால் எழும்புகிற சாத்தியம் கூடுகிறது.

சிங்கப்பூர் சுத்தமான ஊராயிற்றே, அங்கே எப்படி என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அங் மோ கியோ அவென்யூ 3இல் 203ஆம் புளோக்கில், 2012க்கும் 2016க்கும் இடையில், 4 வீடுகளைச் சேர்ந்த 6 பேருக்கு, வழக்கமான மருந்துகளுக்கு மசியாத காசநோய் கண்டது. 2016 ஜூனில் சுகாதார அமைச்சு அந்த புளோக்குக்காரர்களுக்கெல்லாம் இலவசப் பரிசோதனை நடத்த வேண்டியதாயிற்று. 2020இல் கோவிட் வந்தபோது நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஓர் அறையில் பத்துப் பன்னிரண்டு பேராக விடுதிகளில் தங்கியிருந்த அந்நியத் தொழிலாளர்களில் 47 விழுக்காட்டினருக்கு அந்தக் கிருமி தொற்றியிருந்ததாக அவ்வாண்டு டிசம்பரில் அந்நாட்டு அரசாங்கமே கணக்குச் சொன்னது. வெளியே வீடுகளில் இருந்தவர்களிடம் அப்படிப் பரவவில்லை. கிருமிக்குப் பணக்கார ஊர், ஏழை ஊர் தெரியாது. அறையில் எத்தனை பேர் என்பதுதான் அதற்கு வேண்டும்.

இதில் எனக்கு வேடிக்கையாகவும் வேதனையாகவும் இருப்பது ஒன்று. நம் தோட்டத்தில் இப்போது வேலை செய்கிற வங்காளதேசத்துக்காரர், இந்தோனேசியர் தங்கும் வீடுகளை வாரம்தோறும் சுற்றிப் பார்ப்பது என் வேலை. சாக்கடை அடைத்திருக்கிறதா, கூரை ஒழுகுகிறதா, ஓர் அறையில் ஆள் கூடிவிட்டதா என்று ஏட்டில் எழுதுகிறேன். நம் ஊரிலே அதற்குச் சட்டம் இருக்கிறது, 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம். 2019இல் திருத்தி, 2020 ஜூன் 1இல் அமலுக்குக் கொண்டு வந்தார்கள். விடுதியாக இருந்தால் படுக்கும் இடத்தில் ஆளுக்கு 3 சதுர மீட்டர், விடுதியல்லாத வீடானால் 3.6 சதுர மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது அதன் விதி. நம் தோட்டத்துக்கு வந்த அந்நியத் தொழிலாளிக்கு நான் அளவுகோல் பிடிக்கிறேன். நம் பிள்ளை அடுத்த நாட்டில் அந்நியத் தொழிலாளியாகப் போய், அளவில்லாத அறையில் படுக்கிறான்.

அந்த அளவுகோலை நீங்களும் எடுத்துக்கொண்டு போங்கள் என்பதற்காகத்தான் சொல்கிறேன். முதலாளி கொடுக்கும் இருப்பிடத்துக்காக நம் நாட்டில் செய்த சட்டம் அது. சிங்கப்பூர் வாடகை அறையில் அதைக் காட்டி வழக்காட முடியாது. ஆனால் கண்ணுக்குக் கணக்கு வேண்டுமல்லவா? 3 சதுர மீட்டர் என்றால் ஏறக்குறைய 32 சதுர அடி. பத்துக்குப் பத்து அடி அறையில் மூன்று பேர். நாலாவது ஆளுக்குக் கட்டில் போட்டிருந்தால், அதிலே நெருக்கம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். டேப் இல்லாவிட்டால் காலால் அளக்கலாம். குதிகாலுக்கு முன் பெருவிரல் வைத்து நடந்து பாருங்கள். ஆண் பிள்ளையின் பாதம் ஓர் அடிக்குச் சற்றுக் குறைவு. வீட்டுக்காரர் பார்த்தால் என்ன நினைப்பாரோ என்று கூச்சப்படாதீர்கள். வாடகை கொடுக்கப் போவது நீங்கள்தானே!

சன்னலுக்கு வருகிறேன். சன்னல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, திறந்து பார்க்க வேண்டும். ஆணி அடித்திருப்பார்கள், அலமாரியை முன்னால் நிறுத்தியிருப்பார்கள், சில இடத்தில் அது சமையலறைக்குள் திறக்கும். அறையைப் பகலில் ஒரு முறை, மற்றவர்கள் வேலை முடிந்து வந்த பிறகு ராத்திரி ஒரு முறை பாருங்கள். பகலில் இரண்டு செருப்பு கிடக்கும் வாசலில் ராத்திரி பன்னிரண்டு கிடக்கும். செருப்பை எண்ணினால் வீட்டுக்காரர் சொல்லாத கணக்குத் தெரிந்துவிடும். மூக்கையும் பயன்படுத்துங்கள். பூசண வாடை அடித்தால் ஈரத் துணியை அறைக்குள்ளேயே காய வைக்கிறார்கள். இளைப்பு நோய் உள்ளவர்கள் அந்த அறைக்கு "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும்.

இனி அந்த ஊர்ச் சட்டம். வீவக வீட்டில் படுக்கையறையாகக் கட்டிய அறையை மட்டுமே வாடகைக்கு விடலாம். கூடத்தைப் பலகையால் தடுத்து அறையாக்கி விடக்கூடாது. குண்டுக் காப்பறையை விடக்கூடாது. அறையை வாடகைக்கு விடும் உரிமையாளர் தாமும் அந்த வீட்டில் குடியிருக்க வேண்டும். மூவறை வீட்டில் உரிமையாளர் குடும்பத்தையும் சேர்த்து 6 பேருக்கு மேல் கூடாது. நாலறை வீட்டுக்கும் அதற்குப் பெரிய வீடுகளுக்கும் முன்பு அதே 6தான். 2024 ஜனவரி 22 முதல் தற்காலிகமாக 8 வரை விட்டிருக்கிறார்கள். நம் ஆட்கள் ஒன்றில் ஏமாறுகிறார்கள்: மூவறை வீடு என்றால் படுக்கையறை மூன்று என்று நினைக்கிறார்கள். கூடத்தையும் ஒன்றாகச் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. படுக்கையறை இரண்டே இரண்டு.

ஒவ்வொரு வாடகைக்கும் உரிமையாளர் வீவகவிடம் அனுமதி பெற்றாக வேண்டும். குறைந்தது 6 மாதம், மலேசியர்களுக்கு ஒரு தடவைக்கு அதிகபட்சம் 3 ஆண்டு. ஒரு மாதத்துக்கு, இரண்டு மாதத்துக்கு என்று வீவக அறை தருகிறேன் என்பவர் அனுமதி எடுக்கப் போவதில்லை. வாடகைக்கு எடுத்தவர் இன்னொருவருக்கு உள்வாடகை விடுவதும் தடை. கட்டுமானம், கப்பல் பட்டறை போன்ற துறைகளில் வேலை அனுமதி வைத்திருக்கும் பிற நாட்டவர்களுக்கு வீவக வீட்டில் இடமில்லை. அத்துறைகளில் மலேசியர்களுக்கு மட்டும் அந்த வசதியைக் கொடுத்திருக்கிறார்கள். முறையாக அறை எடுக்க நமக்கு வழி இருக்கிறது. இருந்தும் நம் பையன்கள் ஏன் கள்ள அறையில் போய்ப் படுக்கிறார்கள்?

விலை ஒரு காரணம். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். "இந்தியர் வேண்டாம்", "சமையல் கூடாது" என்று விளம்பரத்திலேயே போடுகிற வீட்டுக்காரர்கள் அங்கே இருக்கிறார்கள். நாலு வீட்டில் குரலைக் கேட்டதும் போனை வைத்துவிட்டால், ஐந்தாவதாக "வாங்க தம்பி" என்று கூப்பிடுகிறவனிடம் பையன் போய்விடுகிறான். அவன் மேல் நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த "வாங்க தம்பி"யிடம் அவன் எதைக் கேட்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

உங்கள் பெயர் போட்ட வீவக அனுமதியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் கேளுங்கள். அந்த ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். கட்ட வேண்டியவர் வாடகைக்கு வருகிறவர், அதாவது நீங்கள். சிங்கப்பூரில் கையெழுத்திட்டால் 14 நாளுக்குள். 4 ஆண்டுக்கு மேற்படாத ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. மாதம் 800 வெள்ளி வாடகை, ஓர் ஆண்டு ஒப்பந்தம் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 9,600. தீர்வை 38 வெள்ளி சொச்சம். இந்த 38 வெள்ளியை மிச்சம் பிடிக்கப் போய், முத்திரை இல்லாத காகிதத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்றுக்கொள்ளாது என்ற நிலைக்கு ஆளாகாதீர்கள். முன்பணத்தைத் திருப்பித் தராமல் இழுத்தடித்தால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது. 2 ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகை வழக்குகளை அங்கே கொண்டு போகலாம். 20,000 வெள்ளி வரை கேட்கலாம். வக்கீல் வைக்கத் தேவையில்லை, வைக்கவும் விடமாட்டார்கள்.

புரோக்கர் வழியாகப் போனால் அவருடைய பதிவு எண்ணைக் கேளுங்கள். வீவக வாடகையில் வாடகைப் பணத்தையோ முன்பணத்தையோ புரோக்கர் தம் கையில் வாங்கக் கூடாது என்பது அந்த ஊர் விதி. "என்கிட்ட கொடுங்க, நான் வீட்டுக்காரர்கிட்ட சேர்த்துடுறேன்" என்று ஒருவர் சொன்னாலே எழுந்து வந்துவிடலாம். கடப்பிதழைக் காட்டச் சொல்வார்கள், காட்டுங்கள். சரிபார்க்க வேண்டியது வீட்டுக்காரரின் கடமை. வைத்துக்கொள்ளக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

காகிதத்தைப் பற்றி டிரசர் ஏன் இத்தனை எழுதுகிறான்? காரணம் இருக்கிறது. அந்தப் பையன் 2 மாதம் இருமிக்கொண்டு டாக்டரிடம் போகாததற்கு முதல் காரணம் அந்தக் காகிதம் இல்லாததுதான். டாக்டர் முகவரி கேட்பாராம். முகவரி சொன்னால் அந்த வீட்டைப் பிடிப்பார்களாம். பிடித்தால் பெர்மிட் போய்விடுமாம். வேலை கொடுத்தவர் அவன் தங்குமிடத்தை மனிதவள அமைச்சில் பதிந்து வைக்க வேண்டியவர். இவன் பழைய முகவரியையே சொல்லி வைத்திருக்கிறான். அந்தப் பயத்திலே கடையில் இருமல் மருந்து வாங்கி வாங்கிக் குடித்திருக்கிறான். 11 பாட்டில். ஒப்பந்தமும் அனுமதியும் இருந்திருந்தால் முதல் மாதமே போயிருப்பான், பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்களையும் கூப்பிட்டுப் பரிசோதித்திருப்பார்கள். பட்டியலில் பெயர் இல்லாத ஆளைச் சுகாதார இலாகாவால் எப்படித் தேட முடியும்?

மற்ற வியாதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மெத்தையின் தையல் ஓரங்களைப் போன் விளக்கடித்துப் பாருங்கள். கறுப்புப் புள்ளி தெரிந்தால் மூட்டைப் பூச்சி. அது வியாதியைக் கொண்டு வராது, ஆனால் தூக்கத்தைத் தின்றுவிடும். விரல் இடுக்கிலும் இடுப்பிலும் ராத்திரியில் அரிப்பு அதிகமானால் சிரங்கு. இதற்கு ஒருவன் மட்டும் மருந்து பூசினால் வீண் வேலை. அறையில் இருக்கிற அத்தனை பேரும் ஒரே ராத்திரியில் கழுத்திலிருந்து கால் வரை பெர்மெத்ரின் பூசி, காலையில் குளித்து, ஒரு வாரம் கழித்துத் திரும்பவும் பூச வேண்டும். துணி, போர்வையெல்லாம் சுடுநீரில் துவைக்க வேண்டும். அரிப்பு மறைய இன்னும் இரண்டு மூன்று வாரம் ஆகும். மருந்து கேட்கவில்லை என்று நினைத்துத் தினமும் பூசித் தோலைப் புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள். மெத்தையைப் பங்கு போடும் அறையில் இது ஓயவே ஓயாது.

டிங்கிக் காய்ச்சல் அங்கும் உண்டு. 2020இல் மட்டும் சிங்கப்பூரில் 35,000 பேருக்கு மேல் கண்டது. பூந்தொட்டித் தட்டு, வாளி, ஏர்கோன் தண்ணீர் சொட்டும் பாத்திரம், இவற்றை வாரம் ஒரு முறை கவிழ்க்க வேண்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம். காய்ச்சல் இறங்கும் நாளில் வயிற்று வலியும் வாந்தியும் வந்தால் குணமாகிறது என்று படுத்துவிடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

சமைக்க விடுவார்களா என்பதையும் பணம் கட்டுமுன் கேட்டு ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். விடாத இடத்தில் நம் பையன்கள் கட்டிலுக்கடியில் சோற்றுப் பானையை ஒளித்து, ஒரே பிளக்கில் பானை, விசிறி, மூன்று போன் எல்லாம் மாட்டுகிறார்கள். சன்னலில்லாத அறையில் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. மின்சார சைக்கிள் பாட்டரியை ராத்திரி கதவோரம் வைத்துச் சார்ஜ் செய்வது அதைவிட மோசம். தீ கதவிலேயே பிடித்தால் எந்த வழியாக வெளியே வருவது?

இன்னொரு கேள்வி அடிக்கடி வருகிறது. "ஐயா, அங்க ரூம் எடுக்கிறதா, ஜொகூர் பாருவில் இருந்துக்கிட்டு மோட்டார் சைக்கிள்ல போய்ட்டு வர்றதா?" நாள்தோறும் 3 இலட்சம் பேருக்கு மேல் பாலத்தைக் கடக்கிறார்கள், அவர்களில் நம் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ. பணக் கணக்கை நீங்கள் போடுங்கள், தூக்கக் கணக்கை நான் போடுகிறேன். காலை 4 மணிக்கு எழுந்து, இரவு 10 மணிக்கு வீடு சேர்ந்து, குளித்துச் சாப்பிட்டுப் படுத்தால் மிஞ்சுவது 5 மணி நேரம். அதை வாரத்தில் 6 நாள் செய்துவிட்டு மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவன் கண் திறந்தபடியே சில வினாடி தூங்குவான். அது அவனுக்கே தெரியாது. 12 மணி நேர ஷிப்டு செய்கிறவர்கள், இனிப்பு நீர், வலிப்பு உள்ளவர்கள் வேலையிடத்துக்குப் பக்கத்தில் அறை எடுப்பதே நல்லது என்பது என் அபிப்பிராயம். கல்யாணமானவர்கள் வேறு மாதிரி நினைப்பார்கள், அதுவும் நியாயந்தான். எதைச் செய்தாலும், அவசரத்துக்கு அந்தப் பக்கம் முறையாகத் தங்க ஓர் இடம் தெரிந்து வைத்திருங்கள். 2020 மார்ச் 18இல் நம் அரசாங்கம் நடமாட்டக் கட்டுப்பாட்டை அமலாக்கி எல்லையை மூடியபோது, அறை இல்லாமல் கிராஞ்சி ரயில் நிலையத்துப் பக்கம் தரையில் படுத்தவர்களை நாம் படத்தில் பார்த்தோம். 2022 ஏப்ரல் 1இல்தான் பாலம் பழையபடி திறந்தது. அந்த இரண்டு ஆண்டும் பிள்ளை முகம் பார்க்காத தகப்பன்மார் நம் லயத்திலேயே இருக்கிறார்கள்.

பெண் பிள்ளைகளை அனுப்புகிற பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா, குளியலறைக் கதவு சரியாகச் சாத்துகிறதா, அந்த வீட்டில் வேறு யார் யார் என்று அம்மாவோ அக்காவோ கூடப் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். ஒரு நாள் கூலி போனால் போகட்டும்.

உடம்புக்கு முடியாமல் போனால் பணத்துக்குப் பயந்து படுத்துவிடக் கூடாது. வேலை அனுமதி உள்ளவருக்கு மருத்துவக் காப்புறுதி எடுத்துக் கொடுப்பது முதலாளியின் பொறுப்பு. 2023 ஜூலை 1 முதல் அது ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. ஆஸ்பத்திரியில் தங்கிப் பார்க்கும் வைத்தியத்துக்கும், அன்றைக்கே செய்து அனுப்பும் ஆப்ரேஷனுக்கும் அது. காப்புறுதிக் கம்பெனியின் பெயரையும் அட்டை எண்ணையும் வேலைக்குச் சேர்ந்த வாரமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆம்புலன்சுக்கு 995. சாப்பிடுகிற மாத்திரைகளின் பெயரை ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்திருங்கள். என்னிடம் வந்தால் நானே எழுதித் தருகிறேன்.

அந்தப் பையனைப் பற்றிக் கேட்பீர்கள். முதல் 2 மாதம் தினமும் நாலு விதமான மருந்து, பிறகு 4 மாதம் இரண்டு விதம். அரசாங்கக் கிளினிக்கில் மருந்துக்குக் காசு கிடையாது. தினமும் காலையில் என் கண் முன்னால் விழுங்கிவிட்டுப் போனான். மருந்து தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் மற்றவருக்குத் தொற்றும் சக்தி பெரும்பாலும் போய்விடும், இருமலும் குறையும். ஆபத்தே அப்போதுதான், ஏனென்றால் சரியாகிவிட்டது என்று பாதியில் நிறுத்துகிறவர்கள்தான் மருந்துக்கு மசியாத கிருமியை வளர்க்கிறார்கள். இவன் நிறுத்தவில்லை. அம்மா நிறுத்த விடவில்லை என்று சொல்வதுதான் சரி. அவன் எடை 6 கிலோ ஏறியிருக்கிறது. அம்மாவுக்குப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. அக்காவின் கைக்குழந்தையோடு அவன் இரண்டு வாரம் ஒரே அறையில் படுத்திருந்தான். குழந்தைக்குத் தடுப்பாக மருந்து கொடுத்து வருகிறார்கள். 5 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை நோய் வேகமாகத் தாக்கும்.

அறைக்காரர்களுக்குச் சொல்லு என்று பலமுறை சொன்னேன். வெட்கப்பட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் உட்கார்ந்து, போனில் இருந்த நாலு எண்ணுக்கும் செய்தி அனுப்பினான். ஒருவன் பதில் போட்டான், பரிசோதனைக்குப் போனதாகவும் சொன்னான். மூன்று பேர் இன்றைக்கு வரை பதில் போடவில்லை. "ஈப்போ"வின் எண் யாரிடமும் இல்லை.

தீபாவளிக்குச் சிங்கப்பூரிலிருந்து நம் பிள்ளைகள் வருவார்கள். 2 வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடை குறைவு, சளியில் இரத்தம், இவற்றில் ஒன்று இருந்தாலும் கைக்குழந்தையைத் தூக்குமுன் என்னிடம் வரச் சொல்லுங்கள். காலையில் எழுந்ததும் வாய் கொப்பளித்துவிட்டு, நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளி வேண்டும், எச்சில் உதவாது. மூடி போட்ட டப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறது, முதல் நாளே வாங்கிப் போகலாம். தங்கியிருந்த முகவரியை நான் போலீசுக்கோ முதலாளிக்கோ சொல்ல மாட்டேன். சுகாதாரக் கிளினிக்கில் கேட்பார்கள், அங்கே உண்மையைச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி மூடியிருந்தால் பின்பக்கம் வாருங்கள். என் வீடு தெரியுமல்லவா, மாமரத்துக்கு அடுத்தது. திண்ணையிலே உட்கார்ந்து பேசலாம், அங்கே காற்று நன்றாக வரும்.